டி4-க்கு நகரும் கறுப்புச் சிப்பாய்

சதுரங்கப் பலகையின் நடுவே டி4, இ4, டி5, இ5 என நான்கு கட்டங்கள். வெள்ளை முதல் நகர்விலேயே ஒரு சிப்பாயை இ4-இலோ டி4-இலோ கொண்டுவந்து நிறுத்தினால், கறுப்பு பதில் சொல்ல வேண்டிய கேள்வி கண்முன் நிற்கும்: அதற்கு எதிரே இன்னொரு சிப்பாயை நிறுத்துவதா, பக்கத்திலிருந்து அதை இடிப்பதா, வளரவிட்டுப் பிறகு உடைப்பதா. சி4, குதிரை எஃப்3, ஜி3, பி3, எஃப்4 என்று வெள்ளை தொடங்கும்போது இடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நடுக்கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. பிஷப் ஜி2-இலோ பி2-இலோ ஒதுங்கி உட்கார்ந்து, மூலையிலிருந்து மூலைக்கு ஓடும் நீண்ட கோட்டின் வழியே அந்தக் காலி இடத்தைக் குறிவைக்கிறது. மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதிகளையே சுற்றி வந்தாலும் நான்கு வீதிகளுக்கும் நடுவில் இருப்பது கோயில்தான். இந்தத் தொடக்கங்களிலும் ஓட்டம் ஓரத்தில், குறி நடுவில். ஆட்டக்காரர்கள் பேச்சில் இவற்றுக்குப் பெயர் ஃப்ளாங்க் ஓப்பனிங்.

கறுப்புக்கு இது சலுகைபோலத் தோன்றும். வெள்ளை நடுவை எடுத்துக்கொள்ளவில்லை, நாம் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் முதலில் வரும். அது பாதி உண்மை. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்துக்கொண்டவர்தான் முதலில் தன் சிப்பாய்களின் இடத்தைச் சொல்லிவிட்டவர் ஆகிறார். சிப்பாய் பின்னால் போகாது. குதிரையும் பிஷப்பும் தவறான இடத்துக்குப் போனால் திரும்பி வரலாம். டி4 வரை போய்விட்ட கறுப்புச் சிப்பாய் இனி அங்கேயே நின்று காக்கப்பட வேண்டும், அல்லது அடிபட வேண்டும். பக்கவாட்டுத் தொடக்கத்துக்கு எதிராகத் தற்காப்பைத் தேர்ந்தெடுப்பது என்றால் பெரும்பாலும் இந்த ஒரு சிப்பாயின் பயணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்: டி6-இல் அடங்கி நிற்பதா, டி5-இல் நிற்பதா, டி4 வரை போவதா. தற்காப்புகளின் பெயர்கள் நீளமானவை. அவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்வி இவ்வளவு சிறியது.

இந்த வகை ஆட்டத்துக்கு மரியாதை தாமதமாகத்தான் கிடைத்தது. 1843இல் பாரிஸில் செயின்ட்-அமானுடன் மோதிய ஹோவர்ட் ஸ்டான்டன் சி4 ஆடியதால் அதற்கு இங்கிலீஷ் ஓப்பனிங் என்ற பெயர் நிலைத்தது. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இ4-தான் ஆண்மையுள்ள நகர்வு, மற்றதெல்லாம் சுற்றிவளைப்பு என்ற எண்ணம் ஐரோப்பாவில் இருந்தது. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே ஆடப்பட்ட பழைய முறையில் சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டும் உரிமை கிடையாது. ஒவ்வொரு கட்டமாக நகரும் சிப்பாய்களுக்குப் பின்னால் காய்களை ஒழுங்குபடுத்தி, பிஷப்பை மூலைக்கோட்டில் வைத்து, மெல்ல விரிவது இந்த ஊர் ஆட்டத்தின் இயல்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேனுடன் பல ஆட்டங்கள் ஆடிய மஹேஷ்சந்திர பானர்ஜி, ஐரோப்பிய விதியில் ஆடும்போதும் ஜி6, டி6 என்று ஒவ்வொரு கட்டமாகவே நகர்த்தினார். இன்று கிங்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன் என்று வழங்கும் தற்காப்புகளின் பெயரில் ஒட்டியிருக்கும் ‘இந்தியன்’ அந்த ஆட்டங்களிலிருந்து வந்தது. ஓரத்திலிருந்து நடுவை ஆள்வது மேற்கத்திய நவீனத்துவத்தின் கண்டுபிடிப்பு என்று சொல்லும் பாடநூல்கள் இந்த இடத்தில் ஒரு பத்தியாவது கூடுதலாக எழுதியிருக்கலாம்.

நியூயார்க், 1924. ரிச்சர்ட் ரேட்டி குதிரை எஃப்3 என்று தொடங்கி, எட்டு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத உலகச் சாம்பியன் காபபிளாங்காவை 31 நகர்வுகளில் வீழ்த்தினார். அந்த ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். கறுப்பு ஆடுபவர் படிக்க வேண்டிய ஆட்டம் அதே போட்டியில் நடந்த இன்னொன்று. 55 வயது இமானுவேல் லாஸ்கர் ரேட்டிக்கு எதிராகச் சிப்பாய்களை சி6, டி5 என்று நிறுத்தி, பிஷப்பை முதலிலேயே எஃப்5-க்கு வெளியே எடுத்துவிட்டு, பிறகு இ6 நகர்த்தினார். வெள்ளையின் மூலைக்கோட்டு பிஷப் முட்டிக்கொள்ள ஒரு சுவர் நின்றது. கறுப்பின் பிஷப் அந்தச் சுவருக்கு உள்ளே மாட்டிக்கொள்ளவும் இல்லை. ரேட்டி தன் ராணியை ஏ1 வரை ஒதுக்கி, பி2 பிஷப்புக்குப் பின்னால் நிறுத்தி நடுவை அழுத்திப் பார்த்தார். லாஸ்கர் ஆட்டத்தை வென்றார், போட்டியையும் வென்றார். நூறு ஆண்டு கடந்தும் இந்த அமைப்பு பழையதாகவில்லை. அதில் கறுப்பின் டி-சிப்பாய் டி5-இலேயே நிற்கிறது, அவசரப்படுவதில்லை.

கறுப்பின் முன்னால் இருக்கும் மற்ற வழிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். சி4-க்கு இ5 என்பது மிக நேரடியான பதில். அப்போது வெள்ளை ஆடுவது சிசிலியன் தற்காப்பைத்தான். கையில் ஒரு நகர்வு கூடுதலாக இருக்கும், அவ்வளவே. தலைகீழ் சிசிலியன் என்பார்கள். அந்தக் கூடுதல் நகர்வு எவ்வளவு மதிப்புள்ளது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. தற்காப்பு அமைப்பு எதிரியின் திட்டத்தைப் பார்த்த பிறகு பதில் சொல்வதற்காக உருவானது. அதை ஒரு நகர்வு முன்கூட்டி ஆடும்போது, பார்ப்பதற்கு இன்னும் எதுவும் இல்லாமலே பதில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. 2018இல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கார்ல்சனின் சி4-க்குக் கருவானா இ5 ஆடினார். நான்காவது ஆட்டத்திலும் ஒன்பதாவது ஆட்டத்திலும் டி5-இல் சிப்பாய்களை மாற்றிக்கொண்டு பிஷப்பைத் துணிந்து சி5-இல் வைத்தார். இரண்டும் டிரா. கூடுதல் நகர்வை வைத்துக்கொண்டு வெள்ளையால் எங்கும் போக முடியவில்லை.

சி4-க்கு சி5 என்று அதையே திருப்பிச் செய்வது இன்னொரு வழி. சமச்சீர் நிலை பாதுகாப்பானது என்ற நம்பிக்கை தொடக்கநிலை ஆட்டக்காரர்களிடம் உண்டு. கண்ணாடிபோல நகர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் டி4-ஐ முதலில் ஆடுபவர் வெள்ளையாக இருப்பார், கண்ணாடி அங்கே உடையும். இதில் நிலைத்து ஆடக்கூடியவர்கள் ஏ6, பி6, டி6, இ6 என்று மூன்று வரிசைக்குள் சுருண்டுகொள்ளும் முள்ளம்பன்றி அமைப்பைப் பழகியிருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது வேண்டாம்.

குதிரை எஃப்6, ஜி6 என்று கிங்ஸ் இந்தியன் பாணியில் போவது மூன்றாவது. டி4-க்கு எதிராகவும் அதையே ஆடுபவருக்கு இது பெரிய சௌகரியம்: வெள்ளை சி4 ஆடட்டும், குதிரை எஃப்3 ஆடட்டும், ஜி3 ஆடட்டும், கறுப்பின் முதல் ஐந்து நகர்வுகளைக் கிட்டத்தட்ட மாற்றவே வேண்டாம்.

பக்கவாட்டுத் தொடக்கத்தின் உண்மையான கூர்மை இந்த வழிகளில் எதிலும் இல்லை. அது நகர்வு வரிசையில் இருக்கிறது. வெள்ளை சி4 ஆடிவிட்டு இரண்டாம் நகர்வில் டி4 ஆடலாம். அப்போது அது பக்கவாட்டுத் தொடக்கமே அல்ல, ராணிச் சிப்பாய் ஆட்டம். குதிரை எஃப்3-க்குக் கறுப்பு சி5 ஆடினால் வெள்ளை இ4 என்று சிசிலியனுக்குள் இழுத்துவிடலாம். சிசிலியன் ஆடாதவர் அங்கே விழித்துக்கொண்டு நிற்பார். சி4-க்கு சி6 ஆடினால் வெள்ளை இ4, கறுப்பு டி5 என்று காரோ-கான் வகைக்குள் போகும். கிரன்ஃபெல்ட் ஆடுபவருக்கு இன்னொரு தொல்லை: சி4, குதிரை எஃப்6, குதிரை சி3 என்று வந்த பிறகு அவர் வழக்கம்போல ஜி6 ஆடினால் வெள்ளை டி4-க்குப் பதில் இ4 ஆடி, அவர் விரும்பும் டி5-ஐத் தடுத்துவிடும். நிம்சோ இந்தியன் ஆடுபவரிடம் வெள்ளை குதிரையை சி3-க்கு அனுப்பாமலே காலம் கடத்தும். பி4-க்கு வரவேண்டிய கறுப்பு பிஷப்புக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே பக்கவாட்டுத் தொடக்கத்துக்கென்று தனியாக ஒரு தற்காப்பை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. டி4-க்கும் இ4-க்கும் எதிராக ஏற்கெனவே என்ன ஆடுகிறோமோ அதனோடு அது பொருந்த வேண்டும். வெள்ளை எந்தக் கதவைத் திறந்தாலும் தனக்குத் தெரிந்த அறைக்குள்தான் இழுக்கப்படுகிறோம் என்று கறுப்புக்கு உறுதி இருக்க வேண்டும்.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு தன் மண்ணிலேயே பார்த்தது. 2013 நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்த், மாக்னஸ் கார்ல்சனுக்கு எதிராகப் பட்டத்தைக் காத்து ஆடினார். நவம்பர் 9, முதல் ஆட்டம். கார்ல்சன் குதிரை எஃப்3, அடுத்து ஜி3. ஆனந்த் டி5, ஜி6, பிறகு சி6 என்று எதிரியின் மூலைக்கோட்டுக்கு எதிரே தன் மூலைக்கோட்டையும் அதற்கு நடுவில் ஒரு திடமான சிப்பாய்ச் சங்கிலியையும் நிறுத்தினார். பிஷப் எஃப்5-க்கு வெளியே வந்தது; லாஸ்கரின் அமைப்புக்கு இது நெருங்கிய உறவு. பிறகு கறுப்புக் குதிரை சி4-க்கும் ஏ5-க்குமாகத் தாவி வெள்ளை ராணியைத் துரத்தியது. கார்ல்சன் அந்தத் துரத்தலை விட்டு விலக முயலவில்லை. 16 நகர்வில் டிரா. உலகச் சாம்பியன் போட்டியின் முதல் நாளில் கறுப்பில் ஆடி அரைப் புள்ளியை இவ்வளவு மலிவாக வாங்குவது அரிது.

நவம்பர் 12இல் மூன்றாவது ஆட்டம். மீண்டும் குதிரை எஃப்3, டி5, ஜி3, ஜி6. இம்முறை கார்ல்சன் மூன்றாம் நகர்வில் சி4 ஆடினார். ஆனந்த் அந்தச் சிப்பாயை அடித்தார். வெள்ளை ராணி ஏ4 வழியாக வந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குள் கறுப்பு இ5 ஆடிவிட்டது. பிறகு குதிரை டி4-க்குத் தாவி, அங்கே மாற்றிக்கொள்ளப்பட்டு, இ-சிப்பாய் டி4-இல் வந்து அமர்ந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: கறுப்புச் சிப்பாய் டி4-ஐ அடைந்தது தள்ளப்பட்டு அல்ல, அடித்து. அதற்கு நகர்வு எதுவும் வீணாகவில்லை. அந்த ஆட்டத்தில் அழுத்தம் கொடுத்தவர் ஆனந்த்தான். 51 நகர்வுக்குப் பின் கார்ல்சன் தப்பித்தார்.

ஐந்தாவது ஆட்டத்தில், நவம்பர் 15, கார்ல்சன் சி4 என்று தொடங்கினார். ஆனந்த் இ6. கார்ல்சன் டி4. பக்கவாட்டுத் தொடக்கம் இரண்டாம் நகர்விலேயே மறைந்துவிட்டது. டி5, குதிரை சி3, சி6, இ4 என்று அது செமி-ஸ்லாவின் ஒரு கிளைக்குள் நுழைந்தது. சீக்கிரமே ராணிகள் பலகையை விட்டுப் போயின, கார்ல்சனுக்குப் பிடித்த நீண்ட இறுதியாட்டம் வந்தது, 58ஆம் நகர்வில் ஆனந்த் தோற்றார். போட்டியின் முதல் வெற்றி அது. அதற்குப் பிறகு தராசு நிமிரவே இல்லை, 6.5-3.5 என்று பட்டம் கைமாறியது. தோல்விக்குத் தொடக்கத்தைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வெள்ளை உடனே நடுவுக்கு வராத இரண்டிலும் ஆனந்த்துக்குச் சிரமமே இல்லை. ஓரத்தில் நிற்பதுபோல் காட்டி நடுவுக்கு வந்ததில்தான் ஆட்டம் கார்ல்சன் விரும்பிய பக்கம் திரும்பியது.

அதே 2013இல் சென்னையில் நடந்த சர்வதேச கிராண்ட்மாஸ்டர் ஓபன் போட்டியை, மதுரை திருநகரில் பிறந்த 14 வயதுப் பையன் அரவிந்த் சிதம்பரம் வென்றார். அப்போது அவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது. 2018இலும் 2019இலும் தேசியச் சாம்பியன், 2024இல் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ், 2025இல் பிராக் மாஸ்டர்ஸ் என்று பிறகு அவர் ஏறிய படிகள் தெரிந்தவை. மதுரைப் பையன் ஒருவன் அந்த உயரத்துக்குப் போகச் சென்னைக்குக் குடிபெயர வேண்டியிருந்தது என்பதும் அந்தக் கதையின் பகுதி. பயிற்சியாளர்களும் தொடர்ந்து வலுவான எதிரிகளும் அங்கேதான் இருந்தார்கள். தொடக்க ஆட்ட அறிவு புத்தகத்திலிருந்து வருவதைவிட, தனக்குத் தெரியாததை ஆடும் ஆளுக்கு எதிரே உட்கார்வதிலிருந்துதான் அதிகம் வருகிறது.

டி4-க்குப் போகும் சிப்பாயின் முழுக் கதையை அறிய 2024 டிசம்பருக்கு வர வேண்டும். சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் மோதிய போட்டியில் நான்காவது முதல் பத்தாவது வரை ஏழு ஆட்டங்கள் வரிசையாக டிரா, கணக்கு 5-5. கடைசி நான்கு ஆட்டங்களில் மூன்று பக்கவாட்டுத் தொடக்கங்கள். மூன்றிலும் கறுப்பு தன் டி-சிப்பாயை டி4 வரை தள்ளியது. மூன்றிலும் முடிவு வந்தது.

டிசம்பர் 8, பதினோராவது ஆட்டம். குகேஷ் வெள்ளை: குதிரை எஃப்3, டி5, சி4. டிங் அங்கேயே, இரண்டாம் நகர்விலேயே, டி4 தள்ளினார். கறுப்பு இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தச் சிப்பாய்க்குத் துணையாக எந்தக் காயும் இன்னும் எழுந்திருக்கவில்லை. குகேஷ் பி4 என்று பக்கத்திலிருந்து வெட்டினார். சி5 ஆடி டிங் முட்டுக்கொடுக்க, இ4-க்குப் போகாமல் இ3 என்று அடியிலிருந்து தோண்டினார் குகேஷ். இது பெனோனி ஆட்டத்தின் தலைகீழ் வடிவம். வழக்கமாக இந்த வெட்டுகளைச் செய்பவர் கறுப்பு. இங்கே வெள்ளை ஒரு நகர்வு மிச்சத்தோடு செய்கிறது. ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே இருவர் கடிகாரமும் வெகுவாகக் கரைந்தது. பி-சிப்பாய் பி6 வரை ஊடுருவியது, கறுப்பு பி-வரிசையில் ஓயாமல் காவல் காத்தது, கடைசியில் நேர நெருக்கடியில் டிங் ராணியை சி8-க்கு நகர்த்தினார். குகேஷின் ராணி சி6-இல் குதிரையை அடித்தது; 29 நகர்வில் ஆட்டம் முடிந்தது. கடைசித் தவறு ராணியுடையதுதான். எனினும் அவ்வளவு நேரத்தையும் தின்றது இரண்டாம் நகர்வில் போன சிப்பாய்.

மறுநாள், டிசம்பர் 9, பன்னிரண்டாவது ஆட்டத்தில் பாத்திரங்கள் மாறின. டிங் வெள்ளை: சி4, ஜி3, பிஷப் ஜி2, குதிரை எஃப்3. குகேஷ் கறுப்பில் இ6, டி5, குதிரை எஃப்6 என்று மிகத் திடமான அமைப்பில் நின்றிருந்தார். அங்கேயே நின்று, பிஷப் இ7, கோட்டை என்று போயிருந்தால் 1987இல் செவில்லில் கார்ப்போவ் கட்டிய வீட்டை அவரும் கட்டியிருப்பார். அந்த 24ஆவது ஆட்டத்தில் வென்றே ஆக வேண்டிய காஸ்பரோவ் சி4 தொடங்கி, அவசரமில்லாமல் காய்களை வைத்திருந்து, கார்ப்போவை நேர நெருக்கடியில் வீழ்த்திப் பட்டத்தைக் காத்துக்கொண்டார் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வர வேண்டும். திடமான வீடும் இடிவது உண்டு. குகேஷ் வேறு வழி போனார். நான்காம் நகர்வில் டி4. டிங் கோட்டை கட்டிக்கொண்டு, இ3, டி3 என்று நிதானமாக அந்தச் சிப்பாயை நெருக்கினார். குகேஷ் இ3-இல் அடித்து மாற்றிக்கொண்டார். பிறகு இ6-இல் நின்ற சிப்பாயை இ5-க்கு நகர்த்தினார். இதில்தான் கணக்கு தவறுகிறது. டி-சிப்பாய் மூன்று நகர்வு எடுத்துப் பலகையை விட்டே போய்விட்டது. இ-சிப்பாய் இ5-ஐ அடைய இரண்டு நகர்வு எடுத்தது. வெள்ளை அந்த நேரத்தில் காய்களை வெளியே எடுத்துவிட்டது. 39 நகர்வில் டிங் வென்றார். இந்தப் போட்டியில் அவர் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அதுவே என்று சொல்ல யோசிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம். கணக்கு 6.5-6.5. டிங் குதிரை எஃப்3, ஜி3, பிஷப் ஜி2. குகேஷ் டி5, சி5, குதிரை சி6: மூன்று நாளுக்கு முன் தோற்ற கையோடு இன்னும் துணிந்து இடம் பிடித்தார். ஆனால் வரிசை வேறு. டிங் டி4 ஆட, சிப்பாய்கள் மாற்றிக்கொள்ளப்பட்டன. வெள்ளைக் குதிரை டி4-க்கு வந்தது. குகேஷ் இன்னொரு குதிரையை எஃப்6-க்கு அனுப்பாமல் இ7-இல் வைத்தார். சாதாரணமாகத் தோன்றும் அந்த நகர்வில்தான் திட்டம் இருக்கிறது. சி6 குதிரை டி4-இல் வெள்ளைக் குதிரையை அடிக்க, வெள்ளை ராணி அடித்து வர, இ7 குதிரை சி6-க்கு ஏறி ராணியைத் துரத்தியது. ராணி டி1-க்கே திரும்பியது. அப்போது, ஒன்பதாம் நகர்வில், டி4. இம்முறை சிப்பாய்க்குப் பின்னால் குதிரை இருந்தது, வெள்ளை ராணி போய்த் திரும்பியதில் நகர்வுகள் செலவாகியிருந்தன, ஒரு ஜோடிக் குதிரைகள் குறைந்ததால் வெள்ளைக்கு அழுத்தம் தரக் காய்களும் குறைவு. டிங் இ3 ஆட, பிஷப் சி5 வந்தது. டி4-இல் சிப்பாயை வெள்ளை அடித்தபோது கறுப்பு பிஷப் அதே கட்டத்தில் அமர்ந்தது. சிப்பாய் போனாலும் கட்டம் போகவில்லை. நிலை சமம். அதன் பிறகு கறுப்புக்கு ஒரு சிப்பாய் மிச்சமான யானை-பிஷப் இறுதியாட்டம் வந்தது. டிரா என்றே எல்லோரும் எண்ணியிருந்தபோது 55ஆம் நகர்வில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்த, குகேஷ் யானைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டு 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

ஒரே நகர்வு இரண்டாவதாக வந்தபோதும், நான்காவதாக வந்தபோதும், ஒன்பதாவதாக வந்தபோதும் மூன்று வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்தது. வெள்ளை இ3 ஆடி அந்தச் சிப்பாயை அசைக்கும்போது அடித்து அமரக் கறுப்பின் காய் ஒன்று தயாராக இருக்கிறதா என்பதே வேறுபாடு. டி5-இல் நிற்கும்போது இந்தக் கேள்வி எழாது. அதனால்தான் லாஸ்கர் அங்கேயே நின்றார், ஆனந்தும் முதல் ஆட்டத்தில் டி4 வரை தள்ளவில்லை.

உலகப் போட்டிகளின் ஆராய்ச்சி மதுரையில் ஞாயிற்றுக்கிழமை ஆடுபவருக்கு எவ்வளவு உதவும் என்பது தனிக் கேள்வி. மதுரையிலும் திருமங்கலம், மேலூர், விருதுநகர் பக்கங்களிலும் பள்ளி வளாகங்களிலோ கல்யாண மண்டபங்களிலோ நடக்கும் ஒருநாள் ரேப்பிட் போட்டிகளில், அடுத்த சுற்றில் யாரோடு ஆட்டம் என்பது சுற்றுக்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் தெரியும். எதிராளியின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்க நேரமில்லை. இத்தகைய போட்டிகளில் பக்கவாட்டுத் தொடக்கம் அடிக்கடி வருவதற்குக் காரணமும் அதுவே: குதிரை எஃப்3, ஜி3, பிஷப் ஜி2, கோட்டை, டி3, இ4 என்று கறுப்பு என்ன ஆடினாலும் அதையே ஆடிக்கொண்டு போகலாம். கிங்ஸ் இந்தியன் அட்டாக் என்ற இந்த அமைப்பைச் சிறுவர்கள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். கறுப்பு கவனமில்லாமல் இ6 ஆடிச் சிறிய பக்கம் கோட்டை கட்டினால் வெள்ளை இ5 தள்ளி ராஜாவை நோக்கி எல்லாவற்றையும் திருப்பிவிடும்.

நேரம் குறைந்த ஆட்டக்காரர்களுக்கு சி6-டி5 அமைப்பைச் சிபாரிசு செய்வதில் தயக்கம் வேண்டியதில்லை. இ4-க்குக் காரோ-கானும் டி4-க்கு ஸ்லாவும் ஆடுபவருக்கு அது ஒரே சிப்பாய் வடிவத்தின் மூன்றாவது முகம். பிஷப்பை எஃப்5-க்கோ ஜி4-க்கோ எடுத்துவிட்டு இ6 ஆட வேண்டும்; வரிசை மாறினால் பிஷப் உள்ளே சிக்கும். வெள்ளை கிங்ஸ் இந்தியன் அட்டாக் வடிவில் டி3, இ4 என்று வந்தால் இ4-இல் சிப்பாயை மாற்றிக்கொண்டு ஆட்டத்தை அடக்கிவிடவும் முடியும். கிங்ஸ் இந்தியன் ஆடுபவர்கள் தங்கள் ஜி6-ஐயே ஆடட்டும். இ4-க்கு இ5 ஆடுபவர்களுக்குத்தான் உண்மையான வேலை: சி4-க்கும் இ5 ஆடலாம், ஆனால் குதிரை எஃப்3-க்கு அது கிடையாது, குதிரை அடித்துவிடும். அவர்கள் இரண்டாவதாக ஒன்றைக் கற்றே ஆக வேண்டும். டி5, சி5, குதிரை சி6 என்ற குகேஷின் வழி கவர்ச்சியானது. இ7 குதிரையின் காரணம் புரியாமல் அதை நகலெடுப்பவருக்குப் பன்னிரண்டாவது ஆட்டம்தான் கிடைக்கும்.

அபூர்வமான தொடக்கங்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. பி3 வந்தால் இ5. 1970இல் பெல்கிரேடில் லார்சன் பி3 ஆட, ஸ்பாஸ்கி இ5, குதிரை சி6, குதிரை எஃப்6, இ4 என்று நேராக ஏறி 17 நகர்வில் முடித்தார். நியூயார்க் 1924இல் டார்டாகோவர் பி4 ஆடிப் பார்த்தார், மரோட்ஸியிடம் தோற்றார். அதற்கும் இ5 நல்ல பதில். வெள்ளை பிஷப்பை பி2-இல் வைத்து இ5-ஐத் தாக்கினால் கறுப்பு பி4 சிப்பாயை அடித்துக்கொண்டு கணக்கைச் சரிசெய்யும். எஃப்4-க்கு இ5 என்று சிப்பாயைப் பலிகொடுத்து ஆடும் ஃப்ரம் கேம்பிட் பத்து நிமிட ஆட்டத்தில் பயமுறுத்தும், ஆனால் வெள்ளை இ4 ஆடினால் அது கிங்ஸ் கேம்பிட்டாக மாறிவிடும். அதைப் படிக்காதவர் டி5 ஆடி, பிஷப்பை ஜி4-க்கு எடுப்பது போதும். ஜி4 என்று யாராவது தொடங்கினால் டி5. சி8 பிஷப்பின் பார்வை அந்தச் சிப்பாயின் மேல் விழுகிறது, அதைக் காப்பாற்றும் வேலை இனி வெள்ளையுடையது.